மூக்கு மயிர்: ஆய்வேட்டில் சேராத ஒரு குறிப்பு

ஆய்வேட்டில் இடம்பெற வாய்ப்பில்லாத ஒரு செய்தியை இங்கே எழுதிவைக்கிறேன். பொருள் அற்பமானது; மூக்கு மயிர். சிரிக்க விரும்புவோர் சிரிக்கலாம். எழுதத் தொடங்கியபோது நானும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன்.

கொச்சிக் கோட்டையை ஒட்டிய வெளி என்னும் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார் சமூகத்தின் பேச்சுமொழியே என் ஆய்வுப் பொருள். டச்சுக்காரர்கள் 1663-இல் கொச்சியைக் கைப்பற்றிய பின், தம் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தமிழகத்திலிருந்து இவர்களின் முன்னோரை அழைத்துவந்தார்கள் என்பது அங்கே வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. இத்தனை தலைமுறைகள் மலையாளத்தின் நடுவே இருந்தும் வீட்டிற்குள் தமிழ் நிற்கிறது. அதில் எது ஊரிலிருந்து வந்த எச்சம், எது மலையாளத்தின் கொடை என்று பிரித்தறிவதற்காக, பதிவுக் கருவியைத் தூக்கிக்கொண்டு அங்குள்ள சலவைக்கூடத்துக்குச் சென்றுவருவது என் வழக்கம். துணிக்கவ்வி ஏதுமின்றி, முறுக்கிய கயிற்றின் புரிகளுக்கிடையே துணியின் முனையைச் செருகியே அவர்கள் உலர்த்துவார்கள். அதைப் பார்த்துக்கொண்டே பாதி நேரம் கேள்வியை மறந்துவிடுவேன்.

தங்கியிருந்தது மட்டாஞ்சேரிக்குத் தெற்கே கொச்சங்காடியில், செம்பிட்டபள்ளியின் பாங்கொலி கேட்கும் தொலைவில், ஒரு மாடியறை. 1344-இல் இங்கே ஒரு யூதத் தொழுகைக்கூடம் எழுப்பப்பட்டது. கூடம் இன்று இல்லை. அதன் கல்வெட்டு மட்டும் மட்டாஞ்சேரி பரதேசி ஜெபாலயத்தில் இருக்கிறது. ஊர்ப்பெயரைக் கேட்டு வருகிற நண்பர்களுக்கு இதைச் சொல்லாமல் நான் விட்டதில்லை. என் மூக்குக்கு முக்கியமான செய்தி வேறு. கடைவீதிப் பக்கம் போய்வந்தால் சுக்கு, மிளகு, வற்றல் ஆகியவற்றின் தூசி மூக்கில் ஏறும். அறைக்குத் திரும்பிக் கைக்குட்டையில் சீந்தினால் பழுப்பாக வரும். அந்தப் பழுப்பை அவ்வளவு தூரத்திலேயே தடுத்து நிறுத்தியது எது என்று அன்று நான் எண்ணிப் பார்க்கவில்லை.

துறைக் கருத்தரங்கில் திரையிடுவதற்காக ஒரு நேர்காணல் காணொளியைத் தொகுத்துக்கொண்டிருந்தேன். தகவலாளியான பெரியவர் ஒரு பக்கம், நான் மறுபக்கம். கருவியைத் தாழ வைத்திருந்ததால் என் நாசித்துளைகள் இரண்டும் நேரே தெரிந்தன. தொகுப்பைப் பார்த்த தோழர் ஒருவர், உயிரொலி நீட்சியைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், "உன் மூக்குதான் முதலில் தெரிகிறது" என்றார். பெரிதாக்கிப் பார்த்தேன். இடப்பக்கத்திலிருந்து மூன்று மயிர்கள் வெளியே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தன.

அன்று மாலையே தெருமுனையிலிருந்த முடிதிருத்தகத்துக்குப் போனேன். போகும் வழியெல்லாம் எந்தச் சொல்லால் கேட்பது என்பதே கவலை. தமிழில் "மயிர்" பழஞ்சொல். கவரிமாவைப் பேசும் குறளில் அது எந்தக் கூச்சமும் இன்றி நிற்கிறது. இன்று அதைத் தெருவில் சொன்னால் சண்டை வரும். நறுமணத்தைக் குறித்த "நாற்றம்" இழிபொருள் பெற்ற கதையை முதலாண்டு மாணவர்களுக்கு எல்லோரும் நடத்துகிறோம். "மயிர்" அதைவிட நல்ல எடுத்துக்காட்டு, ஆனால் வகுப்பில் எவரும் அதைக் கரும்பலகையில் எழுதுவதில்லை. மலையாளத்தில் அதன் மரூஉ வடிவம் தமிழைக் காட்டிலும் கடுமையான வசை. ஆகவே "மூக்கிலே ரோமம்" என்று வடமொழியின் துணையை நாடுவதென்று முடிவு செய்தேன்.

அதற்குத் தேவை ஏற்படவில்லை. கடையிலிருந்த இளைஞர் பீகாரிலிருந்து வந்தவர். "நாக் கே பால்?" என்று அவரே கேட்டுவிட்டுச் சிரித்தார். ஒருவருக்கு மிகவும் நெருக்கமானவனை, அவர் செல்லமாய் வைத்திருப்பவனை, இந்தியில் அவருடைய "மூக்கு மயிர்" என்று சொல்வார்கள். நம்மிடம் வசை, அவர்களிடம் செல்லம். பிறகு அவர் விலைப்பட்டியலைக் காட்டினார். மெழுகு தோய்த்த குச்சியை நாசிக்குள் நிறுத்தி, உறைந்ததும் ஒரே இழுப்பு. ஒரு மாதத்துக்குக் கவலை இல்லை என்றார்.

நான் எழுந்து வந்துவிட்டேன். மெழுகுக்கு அஞ்சி என்று சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், முடிதிருத்தகத்து நாற்காலியில் இயல்பாக உட்கார எனக்கு வருவதில்லை. கண்ணாடியில் எனக்குப் பின்னால் நிற்பவரைப் பார்த்தால் நாக்கு உலர்ந்துவிடும். காரணத்தைப் பின்னால் சொல்கிறேன்.

அறைக்கு வந்து, புருவத்துக்கென்று எவரோ விட்டுச்சென்ற முள்வாங்கியால் மூன்றையும் பிடுங்கினேன். கண்ணில் நீர் கொட்டியது. தும்மல் வந்தது. பார்க்க நன்றாக இருந்தது. ஆசை பெருகி, உள்ளே தெரிந்த இன்னும் நாலைந்தையும் பிடுங்கினேன்.

மூன்றாம் நாள் மூக்கின் இடப்பக்கம் கல்போல் இறுகியது. நான்காம் நாள் மேலுதடு வீங்கிக் காய்ச்சல் வந்தது. மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி, "பிடுங்கினீர்களா?" இரண்டாம் கேள்வி, "பிதுக்கினீர்களா?" இரண்டுக்கும் ஆம். அவர் முகம் மாறியது. கண் வலிக்கிறதா, இரண்டாகத் தெரிகிறதா, தலைவலி எங்கே என்று அடுத்தடுத்துக் கேட்டார். எதுவும் இல்லை என்ற பிறகே நாற்காலியில் சாய்ந்தார்.

அவர் விளக்கியது இது. நாசியின் நுழைவாயிலில் மட்டுமே இத்தடித்த மயிர்கள் உண்டு. அதற்கு அப்பால் மென்சவ்வு. மயிர் பிடுங்கப்படும்போது அதன் வேர்ப்பை கிழிந்து திறந்த புண்ணாகிறது. ஏறத்தாழ 10 பேரில் 3 பேருடைய நாசியில் ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்னும் நுண்ணுயிரி எந்தத் தொல்லையும் தராமல் குடியிருக்கும். திறந்த வேர்ப்பை அதற்குக் கதவு. மூக்கின் மேற்பகுதியையும் வாயின் இரு கோடிகளையும் இணைத்தால் கிடைக்கும் முக்கோணத்தை மருத்துவ நூல்கள் முகத்தின் ஆபத்து முக்கோணம் என்கின்றன. அப்பகுதியின் சிரைகள் கண்குழிச் சிரைகள் வழியாக மூளைக்கு அடியிலுள்ள கேவர்னஸ் சைனஸ் என்னும் குருதிக் குழியோடு தொடர்புடையவை. குருதி அங்கே பின்னோக்கியும் பாயக்கூடும். பிதுக்கினால் சீழ் வெளியே வருவதற்குப் பதில் உள்ளே போகலாம். அரிதாகவே நேரும், ஆனால் நுண்ணுயிர்க்கொல்லிகள் வருவதற்கு முன் அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் பிழைக்கவில்லை. உட்கொள்ள மாத்திரை, தடவ முபிரோசின் களிம்பு, வெந்நீர் ஒத்தடம், "இனிமேல் கைவைக்காதீர்கள்."

வீக்கம் பாதி வடிந்திருந்த நிலையில் வெளிக்குப் போனேன். குறித்த நாளில் போகாவிட்டால் பெரியவர் வருத்தப்படுவார். எண்பதைக் கடந்தவர், நிலக்கரிப் பெட்டியைக் கைவிட்டுச் சில ஆண்டுகள் ஆகின்றன. என் முகத்தை ஒருமுறை பார்த்தார்.

"என்ன தம்பி, மூக்கு மயிரப் பிடுங்கினீங்களோ?"

"ஆமா தாத்தா."

"பிடுங்கப்படாது. உங்க ஊர்ல அம்பட்டன் இல்லியா? அவன் சொல்லியிருப்பானே."

பதிவுக் கருவி ஓடிக்கொண்டிருந்தது. அதன்பின் ஏழு வினாடிகள் அமைதி. எழுத்துப்பெயர்க்கும்போது எண்ணினேன்.

எங்கள் ஊரில் அம்பட்டன் இருந்தார். என் தாத்தாதான்.

இதை நான் துறையில் எவரிடமும் சொன்னதில்லை. முதுகலையில் மொழியியல் படித்த இரண்டு ஆண்டுகளும் விடுதியில் என்னோடு அறையைப் பகிர்ந்தவருக்கும் தெரியாது. வெளிக்குச் சென்ற முதல் நாளே பெரியவர், "தம்பி என்ன ஆளுக?" என்று கேட்டார். "படிக்க வந்த ஆளு" என்று சிரித்து மழுப்பிவிட்டு, தகவலாளி விவரப் படிவத்தை எடுத்து அவருடைய பெயர், வயது, சாதி, பிறந்த இடம் என்று வரிசையாகக் கேட்டு நிரப்பினேன். அந்தப் படிவத்தில் ஆய்வாளர் சாதிக்குக் கட்டம் இல்லை. படிவத்தை வடிவமைத்தவன் நான்தான்.

தாத்தாவுக்கு ஊர் கொடுத்திருந்த பெயர் குடிமகன். எங்கள் தென்பகுதியில் நாவிதருக்கு அதுதான் வழக்குச்சொல். ஐந்தாம் வகுப்பில் ஆசிரியர், குடியரசுத் தலைவரே நாட்டின் முதல் குடிமகன் என்று சொன்னபோது பின்வரிசையிலிருந்து எழுந்த சிரிப்பு எவனைப் பார்த்தது என்று எனக்குத் தெரியும். வேறு பெயர்களும் உண்டு. நாசுவன் என்பார்கள், பரியாரி என்பார்கள். யாழ்ப்பாணத்தில் பரியாரி என்றால் நாட்டு வைத்தியர். சான்றிதழில் எங்கள் பெயர் மருத்துவர். அம்பட்டன் என்பதை வடமொழி அம்பஷ்டரோடு இணைப்போரும் உளர். மநு நூல் அம்பஷ்டருக்கு வைத்தியத்தைத் தொழிலாக வைக்கிறது. இச்சொற்பிறப்பு சரியா என்று எவரேனும் ஆய்வு செய்தால் மகிழ்வேன். நான் செய்யத் துணியவில்லை. செய்தால் ஏன் இந்தத் தலைப்பு என்று கேட்பார்கள்.

அவருடைய கருவிப் பைக்கு அடைப்பம் என்று பெயர். விசயநகர, நாயக்கர் அவைகளில் மன்னரின் வெற்றிலைப் பையும் அடைப்பம்தான். அதை ஏந்தியவர் அடைப்பக்காரர், மன்னரின் காதுக்கு மிக அருகில் நின்றவர், செல்வாக்குடையவர். அதே சொல் நாவிதரின் கக்கத்துக்கு வந்ததும் வசையாகிவிட்டது. "அடைப்பத்தத் தூக்கிட்டுப் போடா" என்று பள்ளியில் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். உள்ளே இருந்தவை எனக்கு மனப்பாடம்: சவரக்கத்தி, தீட்டும் தோல்வார், சாணைக்கல், கிண்ணி, நகம் சீவும் சிற்றுளி, குறும்பிவாங்கி, முள்வாங்கி, இரண்டு கத்தரிகள். சிறிய கத்தரியின் முனைகள் இரண்டையும் கல்லில் தேய்த்து மழுக்கி வைத்திருந்தார். அது மூக்குக்கு.

முள்வாங்கியை அவர் மூக்கருகே கொண்டுபோய் நான் பார்த்ததில்லை. முள்ளுக்கும், மீசையில் ஒற்றை நரைக்கும் அது. மூக்கு என்றால் ஆளைக் காலை வெயிலுக்கு எதிரே உட்காரவைப்பார். இடக்கைப் பெருவிரலால் மூக்கின் நுனியை மேலே தூக்குவார். "மூச்சப் பிடி" என்பார். வெளியே நீட்டிக்கொண்டிருப்பதை மட்டும் இரண்டு நறுக்கு. உள்ளே இருப்பவற்றைத் தொடமாட்டார். "உள்ள நிக்கிறவன் காவக்காரன். எட்டிப் பாக்கிறவன் தலய மட்டும் தட்டு" என்பது அவர் விதி. மூக்கில் கைவைத்துப் பரு வந்து, முகம் வீங்கி, ஐந்தாம் நாள் இறந்துபோன பண்ணையார் மகன் ஒருவனைப் பற்றி அடிக்கடி சொல்வார். சிறுவர்களை அச்சுறுத்தும் கதை என்றே அதை எண்ணியிருந்தேன். மருத்துவர் என்னிடம் கண் வலிக்கிறதா என்று கேட்ட நொடியில்தான் அந்தப் பண்ணையார் மகன் எனக்கு உண்மையானான்.

ஆக, எது செய்யக்கூடாது என்பது எனக்குத் தெரிந்திருந்தது. அறியாமையால் நான் பிடுங்கவில்லை. தாத்தா இறந்ததும் அப்பா அந்த அடைப்பத்தைப் பரணில் போட்டு, வீட்டில் அதைப் பற்றிய பேச்சையே நிறுத்தினார். அரசு வேலைக்குப் போனவர். வெளியூர்க் குடியிருப்பில் எங்களை வளர்த்தவர். அவர்மேல் எனக்குக் குறை இல்லை. ஆனால் கருவியோடு சேர்ந்து அதன் விதிகளும் பரணுக்குப் போய்விட்டன. நானும் ஏணியை எடுத்துவைத்தவர்களில் ஒருவன்.

காய்ச்சல் தணிந்து அறையில் கிடந்த நாள்களில், ஆய்வாளனுக்குரிய நோயின்படி, இதைப் பற்றிக் கிடைத்தவற்றையெல்லாம் படித்தேன். துருக்கியில் பருவகால ஒவ்வாமை உடைய 233 பேரை ஆராய்ந்து 2011-இல் வெளியான கட்டுரை ஒன்று, நாசிமயிர் அடர்த்தியாக உள்ளவர்களிடம் ஆஸ்துமா குறைவாகக் காணப்பட்டதாகச் சொல்கிறது. ஒரே ஆய்வு, ஒவ்வாமையாளர்களிடம் மட்டும் செய்தது, எல்லோருக்கும் பொருத்திவிட முடியாது. ஆனால் என் கைக்குட்டையின் பழுப்பு நினைவுக்கு வந்தது. மறுபுறம், நறுக்கியபின் சிலருக்கு மூச்சோட்டம் எளிதானதாகக் காட்டும் ஆய்வும் உண்டு. காவலன் இருக்க வேண்டும், வாசலை அடைத்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தாத்தாவின் கணக்கும் ஏறத்தாழ அதுவே.

முறைகளைப் பொறுத்தவரை என் முடிவு பின்வருமாறு. பிடுங்குவது கூடாது. மெழுகு என்பது முப்பது முறை பிடுங்குவதை ஒரே நொடியில் செய்வது. கடைக்காரர் அளிக்கும் ஒரு மாத நிம்மதியின் விலை முப்பது திறந்த வேர்ப்பைகள். மயிர்நீக்கிக் களிம்பு தோலுக்கானது. அதன் காரம் மென்சவ்வைச் சுடும். உறையிலேயே மூக்குக்கு வேண்டாம் என்று அச்சிட்டிருக்கும், எவரும் படிப்பதில்லை. லேசரைப் பற்றி விளம்பரங்களில் நிறையப் பேசுகிறார்கள். பலமுறை போகவேண்டும், செலவு உண்டு, ஒரு காவலனை நிரந்தரமாகப் பணிநீக்கம் செய்ய ஆய்வு உதவித்தொகையைச் செலவழிப்பது எனக்கு ஏற்புடையதாகப் படவில்லை. மின்கலத்தில் ஓடும் சிறு நறுக்கி தீங்கற்றது, கண்ணாடியும் கைநடுக்கமும் ஒத்துழைக்காதவர்களுக்கு அதுவே நல்லது. ஆனால் அலகு மழுங்கினால் நறுக்காமல் இழுக்கும், அப்போது அதுவும் முள்வாங்கிதான். எஞ்சியிருப்பது முனை மழுங்கிய கத்தரி. கழுவித் துடைத்தது, ஒருவர் மட்டும் பயன்படுத்துவது, நல்ல வெளிச்சத்தில், தும்மல் இல்லாத நேரத்தில்.

கருத்தரங்கு எனக்குத் தவறிப்போனது. ஓய்வுக்காக ஊருக்குப் போனேன். அம்மாவிடம் அடைப்பத்தைக் கேட்டேன். எதற்கு என்று அவர் கேட்கவில்லை; அப்பா குளிக்கப் போன நேரம் பார்த்து எடுத்துக்கொடுத்தார். தோலை எலி தின்றிருந்தது. கத்தி துருவேறிப் பயனற்றுக் கிடந்தது. சிறிய கத்தரி மட்டும், எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்ததால், அப்படியே இருந்தது. சாணை பிடித்து, கொதிநீரில் இட்டு, கொச்சங்காடிக்குக் கொண்டுவந்தேன்.

அடுத்த முறை வெளிக்குப் போனபோது கருவியை இயக்குவதற்கு முன்பே சொன்னேன். "தாத்தா, அன்னைக்குக் கேட்டீங்கள்ல. எங்க ஊர் அம்பட்டர் எங்க தாத்தாதான்." ஒத்திகை பார்த்த சொற்றொடர் வேறு, வாயில் வந்தது இதுதான். "அம்பட்டர்" என்று நானே "அர்" விகுதி சேர்த்துக்கொண்டதை அவர் கவனித்தாரா தெரியாது.

அவர் வியப்படையவில்லை. "மொதல்லயே சொல்லப்படாதா? எங்கப்பா சொல்லுவாரு. ஊர்ல உங்க துணிய நாங்க வெளுப்போம், எங்க தலய நீங்க செரைப்பீங்க. ரெண்டு பேருக்குள்ள கூலி கெடயாது" என்றார். சிறிது நேரம் கயிற்றில் ஆடிய துணிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். "அன்னைக்கி நான் அப்பிடிச் சொன்னது தப்புதான்."

"இல்ல தாத்தா."

"தப்புதான். எங்களயும் அப்பிடித்தான சொல்லுவான்." பிறகு, "தொழில் தெரியுமா?" என்றார்.

தெரியாது என்றேன். கத்தரி மட்டும் இருக்கிறது என்றேன். எடுக்கச் சொன்னார். விரலை விட்டுப் பார்த்தார், முனையைத் தடவிப் பார்த்தார். நாற்காலியை வெயிலுக்குத் திருப்பிப் போட்டு உட்கார்ந்து முகத்தை நிமிர்த்தினார். அவர் மூக்கில் வெள்ளை வெள்ளையாய் நீண்டிருந்தன. முதுமையில் அவை தடித்து நீளும். காணொளியில் என்னுடையவற்றைப் பார்த்துக் கூசிய நான், பல மாதங்களாக எதிரே உட்கார்ந்திருந்தும் அவருடையவற்றைப் பார்த்ததே இல்லை.

கத்தரியைச் சாராயப் பஞ்சால் துடைத்தேன். இடக்கைப் பெருவிரலால் அவர் மூக்கின் நுனியைத் தூக்கினேன். அந்த விரலை எங்கே வைப்பது என்று என் கைக்குத் தெரிந்திருந்தது. "மூச்சப் பிடிங்க" என்றேன். கை நடுங்கியது, ஒரு நறுக்கு வெறும் காற்றில் விழுந்தது. வலப்பக்கம் முடிந்தது, இடப்பக்கமும். அவர் கண்ணாடியை வாங்கி வெயிலில் சாய்த்து நெடுநேரம் பார்த்தார்.

"இடது பக்கம் ஒண்ணு நிக்கிது பாரு."

குனிந்து பார்த்தேன். நின்றது.